கம்ப்யூட்டர் உத்தியோகமும் சம்பளமும்

 

"பிள்ளையைக் கம்ப்யூட்டருக்குப் படிக்க வைத்தால் எத்தனை வெள்ளி சம்பளம் கிடைக்கும்?" என்று கடைக்கு வருவோர் கேட்கின்றனர். சரக்கைப் பாராமல் விலை கேட்பது வியாபாரிக்கு அழகன்று.

முதலாவது, வேலையின் தன்மை. அமெரிக்கத் தொழில் இலாகாவின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பிறர் வகுத்துத் தந்ததை எழுதிக் கொடுக்கும் புரோகிராமருக்கு நடுச் சம்பளம் வருடத்துக்கு 98,670 டாலர். அதாவது, பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் கீழ். தேவையறிந்து திட்டமும் வகுக்கும் டெவலப்பருக்கோ 133,080 டாலர். நிறுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கூலி. கொள்முதல் தெரிந்தவனுக்கு வேறு கூலி.

இரண்டாவது, ஊர். ரிங்லெட் முட்டைக்கோஸ் சிங்கப்பூர் போனால் விலை கூடுகிறது. அவ்வாறே சைபர்ஜெயாவைவிடச் சிங்கப்பூரில் சம்பளம் அதிகம். வீட்டு வாடகையும் அதிகம். செலவு கழித்தே இலாபம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அனுபவம். அதுவும் புதியதைக் கற்றுக்கொண்டே இருப்பவனுக்குத்தான் பலன் தரும். பழைய சரக்கு அலமாரியில் தங்கிவிடும்.

பி.டி.பி.டி.என். கடன் எடுத்தால், பட்டம் பெறாவிட்டாலும் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே ஆணோ பெண்ணோ, பிள்ளைக்குக் கணக்கில் நாட்டமுண்டா என்று முதலில் விசாரியுங்கள். சம்பளத்தைப் பிறகு விசாரிக்கலாம்.