கல்யாணப் பூவைக் காயவைத்துப் பாதுகாக்க எந்தப் பூ ஏற்றது?

பூ சாகுபடி என்றால் நாம் விலை, விளைச்சல், மொட்டுப்புழு இவற்றைத்தான் பேசுவோம். நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கும் எனக்கும் அந்தக் கவலையெல்லாம் உண்டு. இந்தத் தடவை வேறு ஒன்று சொல்லணும். கல்யாணத்துக்குக் கட்டிய பூவை வருசக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் பூவைத் தேர்ந்தெடுப்பதில்தான் முக்கால் வேலை இருக்கு.

எனக்கு இதில் அக்கறை வந்தது ஒரு தோல்வியால். என் மகள் கல்யாணத்தன்று அவள் தலையில் வைத்த சரத்தை என் மனைவியே விடியற்காலையில் உட்கார்ந்து கட்டினாள். குண்டுமல்லி, நடுநடுவே மரிக்கொழுந்து, நிறத்துக்காகக் கொஞ்சம் வாடாமல்லி. மறுநாள் மகள் அதை என் கையில் கொடுத்து, "அப்பா, பத்திரமா வைங்க" என்றாள். முப்பது வருசம் வங்கியில் இருந்தவனுக்குப் பத்திரம் என்றால் பூட்டுதான் தெரியும். பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, பீரோவில் நகைப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அடுத்த வருசம் மனைவி காலமாகிவிட்டாள். காரியம் முடிந்த பிறகு மகள் அந்தச் சரத்தைக் கேட்டாள். பையைத் திறந்தால் கறுத்துப்போன நாரும் பூஞ்சணமும்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் குப்பைக்குள் வாடாமல்லி நாலு மட்டும், தட்டிவிட்டுப் பார்த்தால், ஊதா நிறத்தோடேயே கிடந்தது.

ஏன் அது மட்டும்? வாடாமல்லியில் நாம் பூ என்று நினைப்பது உண்மையில் பூ இல்லை. காகிதம் மாதிரி உலர்ந்த சின்னச் செதில்கள். நிஜப் பூ அந்தச் செதில்களுக்கு நடுவில் பொடியாக இருக்கும். செடியில் இருக்கும்போதே அதில் ஈரம் குறைவு, அதனால் அழுகுவதற்கும் ஒன்றுமில்லை. பேரிலேயே விஷயத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் பெரியவர்கள், நான்தான் படிக்கவில்லை.

இதையே அளவுகோலாக வைத்து மற்ற பூக்களையும் பாருங்கள். இதழ் மெல்லிசா, ஈரம் குறைவா, நிறம் அழுத்தமா இருந்தால் அழுத்திக் காயவைக்க ஏற்றது. கனகாம்பரம் அப்படிப்பட்டது, தாளில் வைத்தால் தானே தட்டையாகப் படியும். செண்டுமல்லியை முழுசா வைக்காதீர்கள், நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். இதழ்களை உதிர்த்துக் காயவைத்தால் ஆரஞ்சு நிறம் நன்றாகவே நிற்கும். ரோஜாவும் இதழ் இதழாகத்தான். மாலைக்கு வரும் அடர்சிவப்பு ரோஜா காய்ந்தால் கறுப்பாகத் தெரியும், வெளிர் நிறப் பன்னீர் ரோஜா பரவாயில்லை. கோழிக்கொண்டை தடிமன் என்பதால் அழுத்த முடியாது. ஆனால் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் காம்போடு தலைகீழாகத் தொங்கவிட்டால் வெல்வெட்டு மாதிரி அப்படியே காயும். மரிக்கொழுந்து காய்ந்த பிறகும் வாசனை விடாது, இலையும் அழகாகப் படியும்.

சம்பங்கி வேண்டவே வேண்டாம். சதைப்பற்றான இதழ், தாளில் பிசுபிசுத்துப் பழுப்பாகிவிடும். மல்லிகையும் எத்தனை பக்குவம் பார்த்தாலும் வெள்ளையாக நிற்காது. மல்லிகை இல்லாத கல்யாணமா என்று கேட்பீர்கள். தலைக்குத் தாராளமாக வைக்கட்டும், நம் மல்லிகையும் விற்கணுமே! பாதுகாக்க வேண்டிய சிறு சரத்தை மட்டும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

போன வைகாசியில் தம்பி மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தேன். 2 சென்ட் மேட்டுப்பாத்தியில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் முன்கூட்டியே போட்டேன். அடியுரமாக மக்கிய தொழுவுரம், பிறகு மாதம் இருமுறை ஜீவாமிர்தம், அவ்வளவுதான். மீன் அமிலத்தைத் தாராளமாகத் தெளித்த ஓரத்துச் செடிகள் தழைத்து நின்றன, பூ சிறுத்துவிட்டது. செழிப்பு கூடினால் நல்லது என்பது இங்கே பொருந்தாது. மாலை கட்டும் அக்காவிடம், "இதை வாழைநாரில் கட்டாதீங்க, நூலில் கட்டுங்க, தண்ணி தெளிக்காதீங்க" என்றேன். "தண்ணி தெளிக்காத மாலையா? என்ன சார் இது!" என்று சிரித்தது அந்த அம்மா. ஆனாலும் கட்டிக் கொடுத்தது. கூடவே மாப்பிள்ளைச் சம்பா கதிர் இரண்டையும் சேர்த்தேன். நெற்கதிரைப்போல் சுலபமாகப் பாதுகாக்கக்கூடியது வேறு இல்லை. பேரைக் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு கதிர் கேட்டார்கள்.

அழுத்தும் முறை எளிது. பூவைப் பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணி வாக்கில் பறியுங்கள். கல்யாணம் முடிந்த அன்று ராத்திரியே வேலையைத் தொடங்கணும், மறுநாள் என்றால் பாதிப் போச்சு. நூலை வெட்டி எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் பரப்பி, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். பிறகு மை ஒற்றும் தாளோ பழைய செய்தித்தாளோ மேலும் கீழும் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கி, பலகை வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தால் போதும். பளபளப்பான காலண்டர் தாள் ஈரத்தை உறிஞ்சாது. முதல் நாலு நாள் தினமும் தாளை மாற்றணும், இதில் சோம்பல் பட்டால் பூஞ்சணம் நிச்சயம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் போதும். பதினைந்து இருபது நாளில் காய்ந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. அப்பளம் மாதிரி மொரமொரப்பானால் சரி.

மழைக்காலக் கல்யாணத்துக்கு இந்த நாள் கணக்கு செல்லாது, தாளே ஈரம் இழுக்கும். கண்ணாடிச் சட்டத்தில் போட்ட பிறகும் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.

மகளுக்கு அந்த நாலு வாடாமல்லியைத் துடைத்து, சின்னச் சட்டத்தில் போட்டு அனுப்பினேன். நடுவில் நிறைய இடம் காலியாகத்தான் இருக்கு. அவள் அதை நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தை மாதக் கல்யாணம் என்றால் புரட்டாசிக் கடைசியிலேயே வாடாமல்லி விதைத்துவிடுங்கள். பூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். மழைத்தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி அவசியம். விதை என்னிடம் ஒரு படி இருக்கு. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், வேண்டியவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம்.