பாட்டியின் 500 மரமும் என் ஒரு நாற்காலியும்

எங்கள் சுங்கை லாலாங் வாரக் கூட்டத்தில், "உட்கார்ந்தே வேலை செய்றவங்களுக்கு உடற்பயிற்சி பத்தி நீ ஒரு பாடம் எடு தம்பி" என்று பொறுப்பாளர் அண்ணன் சொன்னார். நான் பொறியியல் மாணவன், உடற்பயிற்சி ஆசிரியன் இல்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். காரணம் என் வீட்டிலேயே இருந்தது.

எங்க பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போவார். நிரையில் 400, 500 மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலை எடுத்து, இரண்டு வாளியையும் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கி வருவார். அப்பா படித்து ஆபீஸில் கிராணி ஆனார். "என் பிள்ளை நாற்காலியில உட்கார்ந்து சம்பாதிக்கிறான்" என்று பாட்டிக்கு அவ்வளவு பெருமை.

25 வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்தது. பிறகு காலில் ஒரு சின்னப் புண். வலிக்காததால் அவர் கவனிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இடது கால் கட்டை விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்தது நான். தொழிற்பயிற்சியில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் திரை முன்னால். வீட்டுக்கு வந்தால் மடிக்கணினி, அப்புறம் கைப்பேசி. மூன்றே மாதத்தில் இடுப்பளவு 87 சென்டிமீட்டரிலிருந்து 93 ஆனது. ஆசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் காலம் பொற்காலம் இல்லை. அந்த உழைப்பு அவர் முட்டியையும் முதுகையும் தேய்த்துவிட்டது. நாம் திரும்பத் தோட்டத்துக்குப் போக வேண்டாம். ஆனால் அவர் வேலையோடு வேலையாக உடம்புக்குக் கிடைத்த அசைவு நமக்குக் கிடைப்பதில்லை. அதை நாம்தான் நம் நாளுக்குள் சேர்க்கணும்.

உட்கார்வதில் என்ன ஆபத்து?

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது. பிறகு சீருடை அளவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததும் தெரிந்தது. இதில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது இங்கிருந்துதான்.

இதன் உள்வேலை சுலபம். சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதை எடுத்துச் செலவழிக்கும் பெரிய இடம் நம் தசைகள், முக்கியமாகத் தொடையும் காலும். நாற்காலியில் அவை சும்மா கிடக்கின்றன. எஞ்சின் ஓடாமல் பெட்ரோல் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 10 பேரில் 3 பேர். நம் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்க.

எதை வாங்கலாம், எதை விடலாம்?

முதல் கருவி தையல் நாடா. தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளங்க. மாதம் ஒரு தடவை போதும். வயிற்றை உள்ளே இழுத்தால் நாடாவை ஏமாத்தலாம், உடம்பை ஏமாத்த முடியாது.

இரண்டாவது, ரப்பர் பட்டை. பாட்டி வெட்டிய அதே பாலிலிருந்து வருவதுதான். இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடும், அதனால் ஒரே பட்டையில் லேசாகவும் செய்யலாம், கனமாகவும் செய்யலாம். மேசை டிராயரில் அடங்கும். கூன் போட்டு உட்காரும் நமக்கு, பட்டையை இரண்டு கையால் மார்புக்கு நேராகப் பிடித்து அகல இழுப்பது நல்ல பயிற்சி. ஒவ்வொரு தடவையும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுங்க. அறுந்தால் முகத்தில் அடிக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் ரப்பர் கலக்காத பட்டையாகப் பார்த்து வாங்குங்க.

மூன்றாவது, காலுக்குச் சரியான சப்பாத்து. நான்காவது, சின்னத் தண்ணீர் பாட்டில். இரண்டு லிட்டர் பாட்டில் வைத்தால் எழவே மாட்டோம். அரை லிட்டர் என்றால் நிரப்பவாவது எழுந்து போவோம்.

வேண்டாதவை: வியர்க்க வைக்கும் இடுப்பு பெல்ட். அதில் போவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. தவணையில் வாங்கும் ட்ரெட்மில்லும் அவசரமில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் அதில் துணி காய்கிறது. கைக்கடிகாரம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் குறையில்லை. "10,000 அடி" என்ற இலக்கே 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். 2019ல் வந்த ஓர் ஆய்வில், வயதான பெண்களுக்கு நாளுக்கு 4,400 அடி நடந்தாலே பலன் தெரிந்தது.

சின்னப் பழக்கங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. முன்பு, ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. இப்போது அந்த நிபந்தனை இல்லை. இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

என் அனுபவத்தில், புதுப் பழக்கம் தனியாக நிற்காது. ஏற்கனவே தினமும் செய்கிற ஒன்றோடு கட்டிப் போடணும்.

காலையில் பிள்ளையாரைக் கும்பிடும்போது 15 தோப்புக்கரணம். மூளைக்கு அதிசயம் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை விடுங்க. தொடைக்கு முழு வேலை என்பது உறுதி.

தொலைபேசி அழைப்பு வந்தால் எழுந்து நின்று பேசுவது. அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் எழுவது.

மூன்று மாடி வரை லிஃப்ட் வேண்டாம்.

தண்ணீர் நிரப்பி வந்ததும் பட்டையை 10 தடவை இழுப்பது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம் நடப்பது. ஏறும் சர்க்கரையைத் தசை உடனே எடுத்துக்கொள்ளும் நேரம் அதுதான்.

இப்போது அப்பாவும் என்னோடு நடக்கிறார். வீட்டிலிருந்து கோயில் வரை போய்த் திரும்புவோம். மருந்தை நிறுத்தவில்லை, மருத்துவரைக் கேட்டுத்தான் ஆரம்பித்தோம். நடந்து வந்ததும் அவர் பாதத்தை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். புண், கொப்புளம் இருக்கிறதா என்று. முதலில் கூச்சப்பட்டார். இப்போது அவரே காலை நீட்டுகிறார். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இருந்தால் இந்த ஒன்றையாவது இன்றே தொடங்குங்க. என் இடுப்பளவு நான்கு மாதத்தில் 89க்கு வந்திருக்கிறது. பெரிய சாதனை இல்லை, ஆனால் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டேன்.

திருமூலர் உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டு பேணியவர். கோயிலைத் தினமும் கூட்டிப் பெருக்குகிறோம். உடம்புக்கும் அந்தத் தினசரி கவனம் போதும், கும்பாபிஷேகம் தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. உங்கள் இடுப்பளவையும், வீட்டில் இன்னும் ஒருவர் அளவையும் குறித்து வையுங்கள்.

2. ஒரு வேலை நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்கிறீர்கள் என்று எண்ணுங்கள்.

3. மேலே உள்ள பழக்கங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தும் வேண்டாம். அதை எந்தத் தினசரி வேலையோடு கட்டுவீர்கள்?

4. கூட்டத்தில் பேச: நம் தாத்தா பாட்டி காலத்தில் உடம்புக்குக் கிடைத்த அசைவில் எவை நின்றுபோயின? அவர்களைக் கேட்டு வந்து சொல்லுங்கள்.