கரைந்த கொழுப்பு எங்கே போனது?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மருமகளுக்கு,

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டாய்: "மாமா, உடம்பு மெலிஞ்சா அந்தக் கொழுப்பு எங்க போகுது?" பக்கத்தில் நின்ற மாமி "வேர்வையாப் போகும்" என்றா. அம்மம்மா "சூடாப் போகும்" என்றா. உன் வயதில் நானும் வேர்வை என்றுதான் நம்பினேன். வயிற்றில் பொலித்தீனைச் சுற்றிக் கட்டிக்கொண்டு டச்பே கடற்கரையில் மூச்சிரைக்க ஓடினேன். தராசில் ஒரு கிலோ குறைந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன், அந்தக் கிலோ திரும்பி வந்துவிட்டது. போனது தண்ணீர் மட்டும்தான்.

சரியான பதிலுக்கு, நீ வந்து நின்றபோது விரும்பித் தின்ற சூடை மீன் பொரியலில் இருந்து தொடங்க வேண்டும். பொரித்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் எண்ணெய் திரண்டு மிதக்கும். சவர்க்காரம் பட்டால்தான் சிறு துளிகளாக உடையும். சிறுகுடலில் அந்தச் சவர்க்காரத்தின் வேலையைச் செய்வது பித்தநீர். ஈரல் அதைச் சுரக்கிறது, பித்தப்பை சேர்த்து வைக்கிறது. துளியான கொழுப்பை வெட்டுவது சதையியில் இருந்து வரும் இலிப்பேசு என்ற நொதியம். கொழுப்பு மூலக்கூறு என்பது ஒரு கிளிசரோலில் தொங்கும் மூன்று கொழுப்பமில வால்கள். இலிப்பேசு அதில் இரண்டு வால்களைக் கழற்றிவிடும்.

துண்டுகள் குடற்சுவருக்குள் நுழைந்ததும் மறுபடி ஒட்டப்பட்டு, புரதம் பதித்த பொதிகளாகின்றன. சீனியும் புரதமும் செரித்தபின் இரத்தத்தில் நேரே ஈரலுக்குப் போகும். இந்தப் பொதிகளோ பருமனானவை, இரத்த மயிர்க்குழாய்க்குள் நுழையா. நிணநீர்க் குழாய் வழியே சுற்றிக்கொண்டு இடது தோளருகே போய்த்தான் இரத்தத்தில் சேரும். அங்கிருந்து தசைக்குக் கொஞ்சம், கொழுப்புக்கலங்கள் என்ற களஞ்சியத்துக்கு மிச்சம்.

களஞ்சியம் என்றதும் எனக்குச் சீனக்குடாதான் நினைவுக்கு வரும். நீ கோச்சியில் கொழும்புக்குப் போகும் வழியில் இருக்கிறதே, அந்த இடம். எண்ணெய் ஊறாத இந்தத் தீவில் தன் கப்பல்களுக்கு எரிபொருள் வேண்டுமென்று வெள்ளைக்காரன் காட்டுக்குள் கட்டிய பெருந்தாங்கிகள் அங்கே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒன்று எரிந்தது. இன்று மிஞ்சியவை 99. வரும் இடம் தூரமாக இருந்தால் சேர்த்து வைக்கத்தான் வேண்டும். அடுத்த சாப்பாடு எப்போது என்று தெரியாத காலத்தில் உருவான நம் உடம்பும் அதைத்தான் செய்கிறது.

ஏன் கொழுப்பாகச் சேர்க்க வேண்டும், மாச்சத்தாகவே வைத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, ஒரு கிராம் மாச்சத்தில் 4. மாச்சத்தை உடம்பு கிளைக்கோசனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரையும் கட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே 12 கிலோ கொழுப்பில் உள்ள சக்தியைக் கிளைக்கோசனாகச் சுமப்பதென்றால், 100 கிலோவுக்கு மேல் தூக்கித் திரிய வேண்டும்! ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் 400 கிராமும்தான் கிளைக்கோசன் இருக்கிறது. அது கைச்செலவுக் காசு, கொழுப்பு வங்கியில் போட்ட காசு.

சீனக்குடாத் தாங்கிகளில் பல, பல பத்தாண்டுகளாகப் பாவனையின்றித் துருப்பிடித்துக் கிடந்தன. கொழுப்புக்கலம் அப்படிச் சும்மா கிடக்காது. நாள் முழுக்க வாங்கும், கொடுக்கும். "இருப்பு இவ்வளவு" என்று மூளைக்கு லெப்ரின் என்ற ஓமோன் மூலம் சேதியும் அனுப்பும். அந்த ஓமோனை 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். கலத்தின் வால்வு இன்சுலின் கையில் இருக்கிறது. நீ சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், வால்வு அடைபடும், கொழுப்பு உள்ளே போகும். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவிலும் உறக்கத்திலும் இன்சுலின் இறங்கும், ஓடும்போது அதிரனலின் ஏறும். அப்போது வால்வு திறந்து கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் இறங்கும்.

தசைக் கலத்துக்குள் அவை போய்ச் சேரும் அடுப்பு இழைமணி. அங்கே கொழுப்பமிலம் இரண்டிரண்டு காபனாக நறுக்கப்படுகிறது. இதைக் காட்டியவர் பிரான்சு நூப் என்ற ஜெர்மன் அறிஞர், 1904இல். கொழுப்பமிலத்தின் ஒரு முனையில், உடம்பு எரிக்க முடியாத பென்சீன் வளையம் ஒன்றை அடையாளமாகக் கட்டி நாய்களுக்கு ஊட்டினார். பிறகு சிறுநீரில் அந்த அடையாளத்தைத் தேடினார். வால் எவ்வளவு நீளமானாலும், காபன் எண்ணிக்கை இரட்டையென்றால் ஒருவகை மிச்சம், ஒற்றையென்றால் இன்னொரு வகை மிச்சம். இரண்டிரண்டாக வெட்டினால்தானே அப்படி வரும்? 16 காபன் உள்ள பாமிற்றிக் அமிலம் ஏழு வெட்டில் எட்டுத் துண்டாகும். அந்தத் துண்டுகள் ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்து உன்னை ஓட வைக்கும்.

ஆனால் மூளைக்குக் கொழுப்பமிலம் ஒத்துவராது. அம்மம்மா கந்தசஷ்டிக்கு உபவாசம் இருக்கும்போது ஈரலின் கிளைக்கோசன் ஒரு நாளளவில் தீர்ந்துவிடும். பிறகு ஈரல் கொழுப்பைக் கீற்றோன்களாக மாற்றி மூளைக்கு அனுப்பும். அந்த நாட்களில் அவவின் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை இலேசாக வரும், கவனித்திருக்கிறாயா? அது அசற்றோன். ஆனால் மூளைக்குக் குளுக்கோசும் கொஞ்சம் வேண்டும். அதற்காக உடம்பு தசைப் புரதத்தையும் கரைக்கும். வளரும் வயதில் நீ காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதை அம்மா ஏன் ஏசுகிறா என்று இப்போது விளங்கும்.

இனி உன் கேள்வி. கொழுப்பில் இருப்பது காபன், ஐதரசன், கொஞ்சம் ஒட்சிசன். எரிந்தால் வருவது காபனீரொட்சைட்டும் நீரும். 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால், அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாகவும் 1.6 கிலோ நீராகவும் உடம்பை விட்டுப் போகும். மாமி சொன்னதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, அந்த நீரில் ஒரு பங்கு வேர்வையாகலாம். சூடு உண்டுதான், ஆனால் அது சக்தி. பொருள் சூடாக மாறிப் போவதில்லை. பெரும்பங்கு போவது மூச்சில்.

அதற்காகக் கட்டிலில் இருந்து வேகமாக மூச்சு விட்டால் தலைதான் சுற்றும். தசையிடம் வேலை வாங்கினால்தான் அடுப்பு கூடுதலாக எரியும். அடுத்த விடுமுறைக்கு வா, கோணேசர் கோயில் மேட்டில் சேர்ந்து ஏறுவோம். மேலே போய் மூச்சு வாங்க நிற்கும்போது உன் கேள்விக்கான பதில் கடற்காற்றோடு போய்க்கொண்டிருக்கும். திரும்பி வந்ததும் சூடை மீன் பொரியல் இருக்கும்.

அன்புடன்,
மாமா