‘எஸ்’ என்றால் எவ்வளவு விறைப்பு?

கேள்வி: இரு வேறு நிறுவனங்களின் டிரைவர் ஷாஃப்டுகளிலும் ‘எஸ்’ என்றே அச்சிடப்பட்டிருந்தும், ஒன்றில் பந்து நேராகச் செல்கிறது, மற்றதில் வலப்புறம் ஒதுங்குகிறது. காரணம் என்ன?

பதில்: கோல்ஃப் பையில் உள்ளவற்றிலேயே நீளமான அடிமட்டையான டிரைவரில், கைப்பிடியையும் தலைப்பகுதியையும் இணைக்கும் தண்டே ஷாஃப்ட் எனப்படுகிறது. அதன் வளையும் தன்மையை, அதாவது ஃப்ளெக்ஸை, இளக்கத்திலிருந்து விறைப்பு நோக்கி எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று குறிப்பது வழக்கமே தவிர, அந்த எழுத்துகளுக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் ‘எஸ்’ மற்றொன்றின் ‘ஆர்’ அளவுக்கே விறைப்பாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. பட்டறைகளில் தண்டின் பிடிமுனையை இடுக்கியில் இறுக்கி, மறுமுனையில் எடை மாட்டிச் சுண்டிவிட்டு, அது நிமிடத்திற்கு எத்தனை முறை அதிர்கிறது என்று கருவியால் அளக்கிறார்கள். விறைப்பு மிகுந்தால் அதிர்வெண்ணும் மிகும் என்பதால் எழுத்தைவிட இது நம்பகமானதே. எனினும் இவ்வெண் பெரும்பாலும் பிடிப்பக்கத்து விறைப்பையே காட்டுவதால், ஒரே அதிர்வெண் உடைய இரு தண்டுகளில் ஒன்று நுனியில் இளகியும் மற்றது நுனியில் விறைத்தும் இருக்க இடமுண்டு. நுனி இளகிய தண்டு, பந்தைத் தொடும் தறுவாயில் சற்றுக் கூடுதலாக முன்னோக்கி வளைந்து பந்தை உயரக் கிளப்ப முற்படும். தண்டு எவ்வளவு முறுகும் என்பதைப் பாகையில் சொல்லும் டார்க் அளவும் ஆட்டக்காரரின் கையுணர்வை மாற்றுகிறது.

ஆயினும் விற்பனையாளர்களும் வாங்குவோரும் எழுத்துக்குத் தரும் கவனத்தில் பாதியைக்கூட எடைக்கும் நீளத்துக்கும் தருவதில்லை என்பதே உண்மையான குறைபாடு. இன்றைய கிராஃபைட் தண்டுகள் ஏறத்தாழ 40 முதல் 80 கிராம் வரை பல எடைகளில் கிடைக்கின்றன. பழைய எஃகுத் தண்டுகளோ 120 கிராமை ஒட்டியிருந்தன. கடைகளில் விற்கப்படும் டிரைவர்கள் பொதுவாக 45.5 அங்குலத்தை ஒட்டிய நீளமுடையவை. விதிகள் 48 அங்குலம் வரை இடமளிக்கின்றன. 2022 ஜனவரி முதல், உயர்மட்டப் போட்டிகளை நடத்துவோர் விரும்பினால் அதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். நீளம் கூடினால் தொலைவும் கூடும் என்ற கணக்கு, பந்து மட்டைமுகத்தின் நடுவில் படும்வரைதான் செல்லும். டைகர் உட்ஸ் 2000ஆம் ஆண்டில் ஆடியது 43.5 அங்குல எஃகுத் தண்டு கொண்ட டிரைவரில்தான் என்பதை, நீளத்தில் மயங்குவோர் கருத்தில் கொள்வது நல்லது.

கேள்வி: ஆட்டக்காரருக்கேற்ப மட்டையைப் பொருத்தும் ‘ஃபிட்டிங்’ எப்படி நடந்தால் அது முறையானது?

பதில்: ஒரே மட்டைத்தலை, ஒரே வகைப் பந்து, ஒரே லாஃப்ட், அதாவது முகப்பின் சாய்வு, ஆகியவற்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு தண்டை மட்டும் மாற்றிப் பார்ப்பதே ஒப்பீடு, புதிய தலையையும் புதிய தண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு இருபது கெஜம் கூடியது என்று காட்டுவது விற்பனை மட்டுமே. ஆட்டக்காரரின் சொந்த டிரைவரில்தான் முதல் சில அடிகள் தொடங்க வேண்டும். லாஞ்ச் மானிட்டர் எனப்படும் அளவைக் கருவி, மட்டைத்தலையின் வேகம், பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி ஆகியவற்றைத் தரும். பந்தின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்தால் வரும் ஈவு, டிரைவரில் 1.5ஐ நெருங்குமளவுக்கு அடி நடுவில் விழுகிறது என்று பொருள்.

கருவியைவிட மலிவான சாட்சியும் உண்டு. பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை முகப்பில் தெளித்தால், அந்த வெண்படலத்தில் பந்து பட்ட இடம் வட்டமாகப் பதிந்துவிடும். வலக்கை ஆட்டக்காரரின் வட்டங்கள் குதிகால் பக்கம், அதாவது தண்டு இணையும் பக்கம், குவிந்தால் பந்து வலப்புறம் வளையும் சுழற்சியைப் பெறுகிறது. அந்நிலையில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் நீளமோ நிற்கும் தூரமோ ஆகும், ஃப்ளெக்ஸ் அன்று. முதல் கேள்விக்குரிய இரு தண்டுகளையும் நீளம் அளந்து, இந்தப் பவுடர்ச் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே எழுத்தைக் குறைகூற வேண்டும். மிக நீண்டு சென்ற ஒற்றை அடியை விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடிகளின் சிதறலை வைத்து முடிவெடுப்பதும், களைப்பு வருமுன் நிறுத்துவதும் அவசியம்.

கேள்வி: பழைய தண்டை வாங்கிச் சொந்த மட்டைத்தலையில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். தலையோடு இணைக்கும் அடாப்டர் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் அதைக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். பசையை இளக்கத் தரும் வெப்பம் மிகுந்தால் கிராஃபைட்டின் பிசின் கெட்டுவிடும். முன்பு நுனியை வெட்டியிருந்தால், அச்சிட்ட எழுத்தைவிடத் தண்டு விறைப்பாகியிருக்கும் என்பதால், எந்த முனையில் எவ்வளவு வெட்டப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டறிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.