எக்ஸ்ரேயில் இல்லை, படியில் வலி

கேள்வி: எனக்கு வயது 24. படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிசியோதெரபியில் கரன்ட் வைத்தால் அன்றைக்குச் சுகம்; மறுநாள் பழைய கதைதான். மூட்டுத் தேய்மானமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இந்த வயதில் தேய்மானம் அபூர்வம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், முட்டிச்சில்லைச் சுற்றி வரும் வலியாகத் தெரிகிறது. ஆண்களைவிட இளம்பெண்களுக்கே இது அதிகம். எக்ஸ்ரே சரியாக இருப்பதும் வழக்கம்தான்.

கரன்ட், அல்ட்ராசவுண்ட் எல்லாம் படுத்துக்கொண்டு வாங்கும் சிகிச்சைகள். இந்த வலிக்கு அவற்றால் பெரிய பலனில்லை. மருந்துக்கடை முட்டி உறையும் அப்படித்தான். வேலை செய்வது உடற்பயிற்சி. அதிலும் தொடைத் தசைக்கு மட்டும் கொடுத்தால் போதாது, இடுப்புக்கும் வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முட்டிகளை மடக்குங்கள். குதிகால்கள் ஒட்டியிருக்க, மேல் முட்டியை மட்டும் திறந்து மூடுங்கள். பார்க்க எளிது, பத்தாவது முறையில் இடுப்பு எரியும். மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி தூக்குவது இன்னொன்று. பழகியபின் சுவரில் சாய்ந்து பாதியளவு உட்கார்ந்து எழலாம்.

வாரம் மூன்று நாளாவது, 6 முதல் 12 வாரம் செய்யுங்கள். லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. ஆரம்பத்தில் முட்டிச்சில்லுக்கு டேப் ஒட்டினால் பயிற்சி சுலபமாகும். படியைச் சில நாள் குறையுங்கள், நடையை நிறுத்தாதீர்கள்.

முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, இரவில் வலி எழுப்பினாலோ எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.