ஊதியமும் ஊக்கமும்

தொழிலாளி மனமுவந்து உழைப்பதற்குச் சம்பளம் மட்டும் போதுமா?

1913இல் அமெரிக்காவின் போர்ட் மோட்டார் தொழிற்சாலையில் தொழிலாளர் நிலைக்கவில்லை. நாள் முழுதும் ஒரே வேலையைச் செய்து சலித்துப் பலர் விலகினர். அவ்வாண்டு விலகியோர் வீதம் 370. அதாவது, ஓர் இடத்தை நிரப்ப மூன்று தடவைக்கு மேல் ஆள் எடுக்க நேர்ந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி போர்ட், தகுதி பெற்றோருக்கு நாட்கூலியை இரு மடங்களவில் உயர்த்தி 5 டொலர் என அறிவித்தார். வேலைநேரத்தையும் 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தார். விலகல் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் வேலையின் சலிப்பு மாறவில்லை.

இதனை விளங்க உதவுவது, உளவியலாளர் பிரடெரிக் ஹேர்ஸ்பேர்க் 1959இல் முன்வைத்த இரு காரணிக் கோட்பாடாகும். சம்பளமும் வேலைச் சூழலும் குறைவுற்றால் அதிருப்தி எழும். சீரானால் அது நீங்கும். ஆனால் உள்ளார்ந்த ஊக்கத்தைத் தருபவை சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் என்பனவே.

எனினும் ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. நியாயமான கூலியின்றிச் சான்றிதழ் மட்டும் வழங்கினால், அது ஏமாற்றாகவே தோன்றும். ஒரு நாள் லீவு எடுத்தாலே வருகைக் கொடுப்பனவு வெட்டப்படும் இடத்தில், காய்ச்சலோடும் ஒரு சகோதரி வேலைக்கு வருவாள். அங்கே வருகை கூடும், உழைப்பு கூடுமா?

நாளை நாமும் பணிபுரிவோம், பிறரைப் பணிக்கும் அமர்த்துவோம். அன்று கூலியையும் கண்ணியத்தையும் சேர்த்தே கொடுப்போம்.