தெருவுக்கும் ஹக்கு உண்டு

ஸாலிஹான மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், சுகமான வாகனம் ஆகிய நான்கும் மனிதனுக்குக் கிடைக்கும் பாக்கியங்கள் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை, ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முதலாவதைப் பற்றி நம் பயான் மேடைகளில் நிறையவே பேசியாகிவிட்டது. நான்காவதைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆசை தானாகவே இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டைத்தான் நாம் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. வீடு விசாலமாக வேண்டும் என்று ஒருவர் தம் சுவரைத் தெருப்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டுகிறார். அவருக்கு வீடு விசாலமாகிவிட்டது. அடுத்த வீட்டாருக்கு நல்ல அண்டை வீட்டார் இல்லாமற் போய்விட்டார். ஒருவருடைய பாக்கியம் இன்னொருவருடைய பாக்கியத்தைத் தின்றுவிடாமல் ஓர் ஊரில் எப்படிக் கூடி வாழ்வது? நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியைத் தொழுகை, நோன்பின் சட்டங்களை ஆராய்ந்த அதே கவனத்தோடு ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் மஸ்ஜித் கட்டத் தேர்ந்த இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அனாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாயிருந்தது. அவர்கள் அதை அன்பளிப்பாகவே தர முன்வந்தார்கள். நபியவர்கள் அவ்வாறு பெற்றுக்கொள்ளாமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று புகாரியில் காண்கிறோம். அல்லாஹ்வின் இல்லத்துக்கே நிலம் இப்படித்தான் பெறப்பட்டது என்றால், நம் வீட்டு மாடிப்படிக்கு நிலம் எப்படிப் பெறப்பட வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

பாதையைப் பற்றிச் சச்சரவு எழுந்தால் அதன் அகலத்தை ஏழு முழமாக வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஏழு முழம் என்பது ஏறத்தாழ பத்து அடி. சுமை ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தாலும் ஒன்றையொன்று உரசாமல் போகப் போதுமான அகலம். பெரிய பட்டினத்து ராஜபாட்டைக்கான அளவன்று இது. இதற்குக் கீழே குறுகக் கூடாது என்ற எல்லை.

மேலே பாக்கியங்கள் நான்கை அறிவித்த அதே ஸஃது (ரலி) அவர்கள்தாம் ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) இராக்கில் கூஃபா நகரை நிறுவினார்கள். முதலில் மஸ்ஜிதுக்கு இடம் குறிக்கப்பட்டது. வில்லில் வல்ல ஒருவர் அங்கே நின்று திசைக்கொன்றாக அம்பு எய்ய, அம்புகள் விழுந்த இடங்களுக்கு அப்பால்தான் வீடு கட்ட அனுமதி என்று வகுத்தார்கள். பெரிய வீதிகள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என்று வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஆக, மதீனாவில் ஒரு வழக்கில் சொல்லப்பட்ட ஏழு முழம், புதிய நகரத்தில் சந்துகளின் அளவாக வந்துவிட்டது. நாணலால் கட்டிய வீடுகள் தீப்பிடித்து எரிந்தபோது பச்சைச் செங்கல்லால் கட்டிக்கொள்ள ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. ஆனால் ஒருவர் மூன்று அறைகளுக்கு மேல் கட்டக்கூடாது, உயரத்தில் போட்டியிடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு கிடைத்தது.

எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் எழுந்தபோது காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் தம் வீட்டின்மேல் ஒரு மாடியறை கட்டினார்கள். அச்செய்தி மதீனாவுக்குப் போய்விட்டது. மாடியறை கட்டியது குற்றமென்று கலீஃபா அவர்கள் சொல்லவில்லை. ஓர் அறிவிப்பின்படி, அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையுமில்லாத குட்டையுமில்லாத ஒரு மனிதரை அதன்மேல் நிற்க வைத்துப் பார்க்குமாறும், அவருக்குச் சாளரத்தின் வழியே அண்டை வீடு தெரிந்தால் இடித்துவிடுமாறும் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். சாமானிய மனிதனின் கண் எட்டும் உயரம் எதுவோ அதுதான் அளவுகோல். ஏணி வைத்து ஏறிப் பார்ப்பவன் குற்றத்துக்குச் சாளரம் பொறுப்பன்று.

இதற்கு அடிப்படை, நமக்கெல்லாம் தெரிந்த 'இதன்' சட்டமே. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்று ஸூரத்துந் நூர் 27-ஆம் வசனம் விதிக்கிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்று கண்டித்தார்கள். கால் நுழையாமல் கண் மட்டும் நுழைந்தாலும் நுழைந்ததுதான்!

அப்பாஸ் (ரலி) வீட்டுப் பீலி

ஹழ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பீலி, உமர் (ரலி) அவர்கள் போகும் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜும்ஆ நாளில் கலீஃபா அவர்கள் நல்லாடை அணிந்து மஸ்ஜிதுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மேலே கோழிக் குஞ்சுகளை அறுத்த இரத்தம் கழுவிய நீரோடு கலந்து பீலி வழியே இறங்கி அவர்கள்மேல் விழுந்துவிட்டது. அந்தப் பீலியைப் பிடுங்க உத்தரவிட்டுவிட்டு, வீடு திரும்பி உடை மாற்றிக்கொண்டு வந்து தொழ வைத்தார்கள். பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அந்தப் பீலியை அவ்விடத்தில் வைத்தவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களே என்று சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் பதறிப்போய், தம் முதுகின்மேல் ஏறி நின்று அது இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தும்படி அவர்களை ஆணையிட்டு வேண்டிக்கொள்ள, அப்படியே செய்யப்பட்டது. இது முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

இந்தச் சம்பவத்தை உமர் (ரலி) அவர்களின் பணிவுக்கு உதாரணமாக மட்டுமே சொல்லிச் செல்வது வழக்கம். பணிவு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஃபுகஹாக்கள் இதில் வேறொன்றையும் பார்த்தார்கள். தெருவைக் காக்கக் கடமைப்பட்ட அதிகாரி தெருவில் விழுவதை அகற்றலாம். ஆனால் வீட்டுக்காரருக்கும் பழைய உரிமை ஒன்று இருக்கலாம், அதைக் கேட்டறிந்தே முடிவு செய்ய வேண்டும். மழைநீரை விடுவதற்குப் பொதுத் தெருவின்மேல் பீலி நீட்டலாம் என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபு இமாம்கள் இதையே ஆதாரம் காட்டுகிறார்கள். கழிவு நீரைத் தெருவில் திறந்து விடுவதற்கு இதில் ஆதாரம் தேடுகிறவர்கள், கலீஃபா அவர்கள் வீடு திரும்பி உடை மாற்றிய பகுதியை மறந்துவிடுகிறார்கள். மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

திண்ணைக்கு வந்த சட்டம்

நம் தமிழகத்து மத்ரஸாக்களில் ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதுகிறவர்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் 'ஸுல்ஹு' பாடத்துக்கு வரும்போது, திடீரென்று நம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் இருக்கும். பொதுத் தெருவில், போவோர் வருவோருக்கு இடைஞ்சல் தரும் எதையும் செய்யக்கூடாது. மாடியிலிருந்து தெருவின்மேல் ஏதேனும் நீட்டினால், அதன்கீழ் மனிதன் குனியாமல் நிமிர்ந்து நடக்கும் உயரம் வேண்டும். வணிகக் கூட்டங்கள் போகும் பாதையென்றால், ஒட்டகத்தின்மேல் கட்டிய பல்லக்கு அதன் மேற்கூரைக் கம்புகளோடு தட்டாமல் போகும் உயரம் வேண்டும். இன்றைய கணக்கில் ஒட்டகத்துக்குப் பதில் லாரியும் ஆம்புலன்ஸும். தெருவில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் கூடாது. இடைஞ்சல் இல்லையென்றால் ஆகும் என்றும் ஒரு சொல் உண்டு, ஆனால் அது பலம் குறைந்த சொல்லாகவே சொல்லப்பட்டிருக்கிறது. தெருவின்மேல் நீட்டிக்கொள்வதற்காகப் பணம் கொடுத்து ஸுல்ஹு செய்துகொள்வதும் ஹராம். வெற்றுக் காற்றை விலை பேசுவதெப்படி?

முட்டுச் சந்து வேறு கணக்கு. அது அங்கே வாசல் உள்ளவர்களுக்குப் பொதுவான சொத்து. வெளியாள் அதில் ஒன்றையும் நீட்ட முடியாது. அங்கேயே குடியிருப்பவரும் மற்றவர்கள் அனைவரின் சம்மதமின்றி நீட்டக்கூடாது என்பதே மிகச் சரியான சொல். ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். வீட்டுவாசலில் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துச் சந்தைச் சுருக்குகிறவர், அதிலுள்ள விதவைத் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

இந்தக் கலையை மிகவும் விரிவாக எழுதியவர்கள் மாலிகீ மத்ஹபினர். அவர்களில் தூனிஸ் நகரத்து இப்னுர் ராமீ (ரஹ்) அவர்கள் தொழிலால் கொத்தனார். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், கட்டட வழக்குகளில் காழிக்கு ஆலோசனை சொல்பவராக இருந்தவர். சுவரையும் சாளரத்தையும் சாக்கடையையும் நேரில் பார்த்த அனுபவத்தோடு கட்டடச் சட்டங்களுக்கென்றே ஒரு கிதாபு எழுதினார்கள். புகை, துர்நாற்றம், அதிரும் ஓசை என்று அண்டை வீட்டாருக்கு வரும் தீங்குகள் அதில் ஆராயப்படுகின்றன. ஹம்மாம், தோல் பதனிடும் இடம், மாவரைக்கும் ஆலை ஆகியவை பேச்சில் வருகின்றன. அந்த ஊரின் பழைய நகரம் 1979-லும் மொராக்கோவின் ஃபாஸ் நகரம் 1981-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தூனிஸில் ஸைத்தூனா மஸ்ஜிதை ஒட்டி அத்தர்க் கடைகள். சாயம் தோய்ப்பவர்கள் எட்டத்தில். ஃபாஸில் மட்டும் தோல் பதனிடுபவர்கள் ஊருக்குள்ளேயே ஆற்றோரம் இருக்கிறார்கள். தண்ணீரில்லாமல் அந்தத் தொழில் நடவாதே! வீடுகளுக்குள் நுழைந்தால் நேரே முற்றம் தெரியாது. ஒரு திருப்பம் திரும்பியே போக வேண்டும். கதவு திறந்திருந்தாலும் வீட்டுப் பெண்கள் தம் வேலையைப் பார்க்கலாம். நம் காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடுவதற்கென வீடுகளுக்கிடையே முடுக்குகள் இருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் புதிதன்று.

மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தன் சுவரில் சாளரம் திறக்க உரிமையாளருக்கு ஷாஃபிஈ மத்ஹபு அதிக இடம் கொடுக்கிறது. மாலிகீகள் கடுமையாகத் தடுக்கிறார்கள். பிற்கால ஹனஃபீகளின் நிலை உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' சட்டத்தில் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் புழங்கும் இடங்களாக அது சமையலறை, கிணற்றடி, முற்றம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. புதிய சாளரத்திலிருந்து இவை தெரிந்தால் அது பெருந்தீங்கு. அதற்காகச் சாளரத்தை அடைத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பார்வையை மறைக்கச் சுவரோ பலகைத் தட்டியோ வைத்தால் போதும். செலவு சாளரம் திறந்தவருடையது, பார்க்கப்படுகிறவருடையதன்று. சாளரம் ஆள் உயரத்துக்கு மேலிருந்தால் வழக்கு நிற்காது. (ஃபுஸ்தாத்தின் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்.) வெளிச்சத்துக்கும் அதில் அளவு இருக்கிறது. ஒருவர் புதிதாகக் கட்டியதால் அடுத்த வீட்டு அறையின் ஒரே சாளரம் மறைந்து, உள்ளே எழுத்துப் படிக்க முடியாதபடி இருண்டால் அதை நீக்கச் சொல்லலாம். கதவைத் திறந்து வைத்தால் வெளிச்சம் வருமே என்று பதில் சொல்ல அனுமதியில்லை. குளிருக்கும் வேறு தேவைக்கும் கதவு மூடப்பட வேண்டியது. இரண்டு சாளரங்களில் ஒன்று மட்டும் மறைந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாளரத்தின் சட்டத்தைக் கற்றவர்கள் இன்று இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து பலர் வாசலில் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறார்கள். தன் வாசலையும் தெருவையும் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது எதிர்வீட்டுக் கதவுக்கு உள்ளேயோ, பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறத்தையோ, மாடியில் துணி உலர்த்தும் இடத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால், அதை அண்டை வீட்டாரின் கிணற்றடியை நோக்கித் திறந்த சாளரமாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து. சாளரத்தில் மனிதன் சில நேரம் நிற்பான், பிறகு போய்விடுவான். இது இரவும் பகலும் நிற்கிறது, பார்த்ததைச் சேமித்தும் வைக்கிறது. ஆகவே கேமராவின் முகத்தைத் திருப்ப வேண்டும், அல்லது அந்தப் பக்கத்தை மறைக்க வேண்டும். எதிர்வீட்டார் கேட்டால் அதில் தெரிவதைக் காட்ட வேண்டும். கேட்கும் வரை காத்திருக்காமல், மாட்டிய அன்றே அவர்களை அழைத்துக் காட்டிவிடுவது மேல். எதிர்வீட்டார் முஸ்லிமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் வித்தியாசமில்லை.